நம்பர் இல்லாத பாட்டு

ஜனவரி 9
கப்பலிலிருந்து

அன்புள்ள முனிவருக்கு,

வந்து சேர்ந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறு மட்டும் இன்னும் கரையிலேயே நிற்கிறது.

போனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் சண்டை, நாலாவது நிமிஷம் சிக்னல் போய்விடுகிறது. யார் ஜெயித்தார்கள் என்றே தெரிவதில்லை. அதனால் கடிதம். கம்பெனி அலுவலகத்துக்குப் போடுங்கள். அடுத்த துறைமுகத்தில் கையில் கொடுத்துவிடுவார்களாம்.

எனக்கும் செல்லோ வாசிக்கிற அக்காவுக்கும் சேர்த்து ஓர் அறை. சன்னல் கிடையாது. சுவருக்கு அந்தப் பக்கம் கடல். நாங்கள் நாலு பேர் சேர்ந்து மத்தியானம் டீ ஹாலிலும் சாயங்காலம் சாப்பாட்டு ஹாலிலும் வாசிக்கிறோம். மேஜைக்கு மேஜை ஹோட்டல் மெனு மாதிரி ஓர் அட்டை. அதில் நூற்றுப் பன்னிரண்டு பாட்டு, ஒவ்வொன்றுக்கும் நம்பர். பயணிகள் நம்பரைச் சீட்டில் எழுதி அனுப்புவார்கள். "நாப்பத்தேழு, சூடா ஒண்ணு!" என்று செல்லோ அக்கா என் காதில் கிசுகிசுப்பாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு வயலின் வில்லை எடுப்பேன்.

எட்டு மாதம்தானே. செப்டம்பரில் நான் இறங்கும்போது உங்கள் பெரிய இசைப் படைப்பின் மூன்றாம் பாகம் முடிந்திருக்க வேண்டும். அதற்காகத்தான் இத்தனையும். வாண்டு பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டை மிச்சம் வைக்கிறாளா? கேட்காதீர்கள், டப்பாவைத் திறந்து பாருங்கள்.

உங்கள்
வில்லி


ஜனவரி 27

என் வில் பிடிக்கும் வில்லிக்கு,

டப்பாவைத் திறந்து பார்த்தேன். உன் மகள் சாப்பாட்டை மிச்சம் வைப்பதில்லை. பக்கத்துப் பெண்ணுக்குத் தானம் செய்கிறாள்.

மூன்றாம் பாகம் நகரவில்லை. நாற்பது ஸ்வர வரி எழுதினால் முப்பத்தெட்டை அடிக்கிறேன். மாடி வீட்டுத் தண்ணீர் மோட்டார் ஒரே சுருதியில் உறுமுகிறது. அதுவும் என் சுருதி இல்லை. எழுந்து நடக்கிறேன், உட்காருகிறேன், மறுபடி நடக்கிறேன். தரை தேய்ந்துவிடும் போலிருக்கிறது.

கல்யாணக் கச்சேரிக் குழுவிலிருந்து கீபோர்டுக்கு மறுபடியும் கூப்பிட்டார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். நாம் இரண்டு பேருமே விலைபோனால் வீட்டில் இசைக்கு யார் மிச்சம்?

உன்னை நினைத்தால்தான் கவலை. அந்தக் குப்பைக்கு உன் கை பழகிவிடக் கூடாது. தினமும் ஒரு மணி நேரமாவது நல்லதாக எதையாவது வாசி. சொன்னேன் என்று கோபித்துக்கொள்ளாதே.

அன்புடன்
முனிவர்


பிப்ரவரி 20

முனிவருக்கு,

கோபித்துக்கொண்டேன். இரண்டு துறைமுகம் தாண்டிய பிறகுதான் பதில் எழுத முடிந்தது.

நீங்கள் சொன்ன "ஒரு மணி நேரத்துக்கு" இடம் தேடினேன். அறையில் வாசித்தால் பக்கத்து அறைச் சமையல்காரர் சுவரைத் தட்டுகிறார். கடைசியில் துணி வெளுக்கும் அறை கிடைத்தது. இஸ்திரி மெஷின் புஸ் புஸ் என்று மூச்சு விட, வெள்ளைப் படுக்கை விரிப்பு மலைகளுக்கு நடுவில் நின்று வாசிக்கிறேன். என்ன வாசிப்பது என்று தெரியவில்லை. பழைய பாடங்கள் சலித்துவிட்டன. உங்களுடையதை எடுத்தால் நீங்கள் பக்கத்தில் நின்று முகம் சுளிப்பது போலிருக்கிறது. அதனால் கை போன போக்கில் வாசித்தேன். ஏதோ வருகிறது. என்ன என்று இன்னும் தெரியவில்லை.

இன்னொன்று. நோயாளிக் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு ஓர் அம்மா தினமும் வந்தார். தினமும் முப்பத்திநாலாம் நம்பர். எனக்குப் பிடிக்கவே பிடிக்காத பாட்டு, சர்க்கரைப் பாகு. அவர்கள் கப்பலில் இருந்த பதினோரு நாளும் வாசித்தேன். கடைசி நாள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அவருக்கு இப்ப என் பேரு ஞாபகம் இல்லம்மா. இந்தப் பாட்டு வந்தா மட்டும் என்னைத் திரும்பிப் பாக்குறாரு" என்றார்.

அதைக் குப்பை என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

வில்லி


ஏப்ரல் 2

அன்புள்ள வில்லிக்கு,

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். ஐந்து வாரமாக மறைத்திருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். பெற்றோர் தொழிலைக் குழந்தைகளே எழுத வேண்டுமாம். வாண்டு எழுதியிருந்தாள்: "அம்மா கப்பலில் வயலின் வாசிக்கிறார். அப்பா யோசிக்கிறார்." டீச்சர் அதைக் காட்டிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு நாற்காலியில் உட்கார முடியவில்லை.

மறுநாள் ஒரு பொம்மைக் கம்பெனிக்குப் போனேன். யானை பொம்மையின் வயிற்றை அமுக்கினால் எட்டு வினாடிக்கு ஒரு மெட்டு பாடும். அந்த மெட்டு போடுகிற வேலை. முதலாளியம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சார், குழந்தை இதை ஒரு நாளைக்கு நூறு தடவை அமுக்கும். குழந்தைக்கு அலுக்கக் கூடாது, அம்மாவுக்குப் பைத்தியம் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான்" என்றார். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். நான்கு பாகத்தில் பெரிய இசைப் படைப்பு எழுதுகிறவனுக்கு எட்டு வினாடியா பிரமாதம்?

பதினொன்று போட்டேன். பதினொன்றும் திரும்பி வந்தது. "இது அழுவுது சார்." "இது ரொம்ப கெட்டிக்காரத்தனம் பண்ணுது சார்." அந்த அம்மாவுக்கு ஸ்வரம் தெரியாது, ஆனால் காது கத்தி. பன்னிரண்டாவதை வாங்கிக்கொண்டார். அன்று எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் பாகம் மூடிக் கிடக்கிறது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கம்பெனியில் இருந்தால் வீட்டு நினைப்பு, வீட்டுக்கு வந்தால் யானை நினைப்பு. நீ செப்டம்பரில் வந்துவிடு. இதை விட்டுவிடுகிறேன். பழையபடி இருப்போம்.

முனிவர் (தவம் கலைந்தவர்)


மே 19

அன்புள்ள முனிவருக்கு,

யானையைப் படித்து நானும் செல்லோ அக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். ஒரு பொம்மை அனுப்புங்கள்.

துணி வெளுக்கும் அறையில் வந்ததைச் சொன்னேன் அல்லவா? அது வளர்ந்துவிட்டது. ஏழு நிமிஷம் இருக்கும். அக்காவும் செல்லோவைத் தூக்கிக்கொண்டு வர ஆரம்பித்தாள். போன வாரம் டீ ஹாலில் சீட்டே வராத ஒரு பொழுதில், அவள் என்னைப் பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன், வாசித்துவிட்டோம். யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை. இரண்டு பேர் கேக்கைக் கீழே வைத்தார்கள், அவ்வளவுதான். மேனேஜர் ஓடி வந்தார்.

"இது எந்த நம்பர்?"

"இதுக்கு நம்பர் இல்ல சார்."

"நம்பர் இல்லாததை இங்க வாசிக்கக் கூடாது."

இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்டார். எனக்கு அவமானமாகவே இல்லை.

இனிமேல் சொல்லப்போவதை உட்கார்ந்து படியுங்கள். அக்கா செப்டம்பரில் நான்கு பெண்கள் சேர்ந்த ஒரு குழுவுக்குப் போகிறாள். சொந்தமாக எழுதியதை மட்டும்தான் வாசிப்பார்கள். பள்ளிக்கூடங்கள், நூலகங்கள், சின்ன ஹால்கள். ஒரு பழைய வேனில் ஊர் ஊராக ஒரு வருஷம். வருமானம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. என்னையும் கூப்பிடுகிறார்கள். ஆகஸ்டுக்குள் பதில் சொல்ல வேண்டும்.

கல்யாணமான இந்தப் பதினோரு வருஷத்தில் ஒரு நாள்கூட, உனக்கு என்ன வாசிக்க ஆசை என்று நீங்கள் கேட்டதில்லை. குறை சொல்லவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

உங்கள் வில்லி


ஜூன் 8

உன் கடிதம் வந்தது. மூன்று தடவை படித்தேன்.

வீட்டை யார் பார்ப்பது? வாண்டு காய்ச்சலில் படுத்தால் பக்கத்தில் யார் உட்காருவது? வருமானம் இல்லாத வேலைக்கு ஒரு வருஷம் என்றால் குடும்பம் காற்றைக் குடித்து வாழுமா? ஆசை எல்லோருக்கும்தான் இருக்கிறது. பொறுப்பு என்று ஒன்று இல்லையா?

செப்டம்பரில் வீட்டுக்கு வா. மற்றதை நேரில் பேசுவோம்.

இப்படிக்கு
வாண்டின் அப்பா


ஜூன் 30

வாண்டின் அப்பாவுக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகள் எல்லாம் நியாயமானவை. அதே கேள்விகளைப் பதினோரு வருஷம் உங்களிடம் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அது அன்பு என்று நினைத்தேன். அன்புதான். ஆனால் கேட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

சண்டைக்கு எழுதவில்லை. கப்பல் ஓர் இடத்தில் நிற்பதில்லை, நானும் நிற்பதில்லை. மேல் தளத்துக்கும் கீழ் தளத்துக்கும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறேன். வாண்டின் போட்டோவைப் பார்த்தால் போக வேண்டாம் என்கிறது மனசு. வில்லை எடுத்தால் போ என்கிறது. நீங்கள் வேண்டாம் என்றால் வந்துவிடுவேன். ஆனால் வந்த பிறகு எப்படி இருப்பேன் என்று சத்தியம் பண்ண முடியாது.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

வில்லி


ஜூலை 21

வில்லி,

நாலு கடிதம் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதைக் கிழிப்பதற்குள் தபால் பெட்டியில் போட்டுவிட வேண்டும்.

என் போன கடிதத்தின் நகல் என்னிடம் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. வரிக்கு வரி மனப்பாடமாக இருக்கிறது. இரண்டு வாரம் உன் மேல் கோபமாக இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, பாதிக்கு மேல் பொறாமை. ஏழு நிமிஷம் நீ முடித்துவிட்டாய். நான் இன்னும் முப்பத்தெட்டை அடித்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் பாகத்தை வெளியே எடுத்துப் பார்த்தேன். வயலினுக்கு எழுதியதெல்லாம் நீ வாசிப்பாய் என்று நம்பி எழுதியது. வாசிப்பாயா என்று கேட்டு எழுதியது ஒரு வரிகூட இல்லை.

பொம்மைக் கம்பெனியில் முழுநேரமாக வரச் சொல்லி ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை முதல் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். முதலாளியம்மா, "அப்போ உங்க பெரிய வேலை என்னாவுறது சார்?" என்று கேட்டார். சனிக்கிழமை காலையில் செய்வேன் என்றேன். செய்வேனா, அது நிற்குமா சாகுமா, தெரியாது. நேற்று சாயங்காலம் காரணமே இல்லாமல் தெருவை நாலு சுற்று சுற்றிவிட்டு வந்தேன்.

வாண்டிடம் சொன்னேன்.

"அம்மா வர லேட்டாகும்டா."

"எவ்ளோ லேட்டு?"

"ஒரு வருஷம்."

அழுதாள். ரொம்ப நேரம். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மூக்கை என் சட்டையில் துடைத்துவிட்டு, "அம்மா வாசிக்கிறதை நாம போய்க் கேக்கலாமா?" என்றாள். டிசம்பர் லீவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். உங்கள் வேன் எந்த ஊரில் நின்றாலும் சரி. பின் வரிசையில் உட்காருகிறோம். முகம் சுளிக்க மாட்டேன்; சுளித்தால் வாண்டு கிள்ளுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

செல்லோ அக்காவிடம் சரி என்று சொல்லிவிடு.

முழு மனதோடு எழுதுகிறேன் என்று சொன்னால் பொய். மனசு மெதுவாகப் பின்னால் வந்து சேரும். நீ முன்னால் போ.

உன்
முனிவர்