கீழ்த்தட்டும் ஸ்டூலும்

திருக்கோகர்ணம்
ஆடி 3

அன்பு மகள் இந்துமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் பெரியப்பா வீட்டாரும் நலம், என் வலது மணிக்கட்டு மட்டும் இப்போதுதான் நலமாகிக்கொண்டு வருகிறது. அங்கே புனேயில் நீ கை கால் எல்லாம் ஒழுங்காக இருந்து வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்கிறாய் என்பதை நீயே எழுதினால்தான் நம்புவேன்.

சித்திரையில் உன் சமையலறையை போட்டோ எடுத்து அனுப்பி, அம்மா, மூன்று பேருக்கு இந்த ஒரு மேடைதான், பாத்திரத்தை எங்கே வைப்பது, மற்ற இரண்டு பேரும் என் சட்டியை எடுத்துத் தீயவிட்டு அப்படியே போட்டுவிடுகிறார்கள் என்று கேட்டிருந்தாய். அதற்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். மணிக்கட்டு பாத்ரூமில் வழுக்கிச் சுளுக்கிக்கொண்டது என்று உன்னிடம் போனில் சொன்னேனே, அது பொய். எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டோடு இருந்தேன். நீ வேலையில் சேர்ந்த புதிது, லீவு போட்டுக்கொண்டு ரயில் ஏறிவிடுவாய் என்று பயந்து மறைத்தேன், கோபித்துக்கொள்ளாதே. உண்மையை போனில் சொல்ல முடியாது, இந்த வீட்டில் நான் போனை எடுத்தால் உன் சாலா பெரியம்மா டிவி சத்தத்தைக் குறைக்கிறாள். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் உன் அப்பா என் போனை எடுத்துத்தான் நியூஸ் பார்க்கிறார். அதனால் கடிதம். நீ கேட்டதற்கும் இதில்தான் பதில் இருக்கிறது, பொறுமையாகப் படி.

பெரியப்பா சென்னையில் கடையை மூடிவிட்டுப் பொங்கலுக்குப் பிறகு இங்கேயே வந்துவிட்டார் என்று உனக்குத் தெரியும். நம் சமையலறையும் உனக்குத் தெரியும், எட்டுக்கு ஏழு, மூன்று கடப்பாக்கல் தட்டு, மேலே பரண். அதில் என் கல்யாணத்துக்குத் தாத்தா கொடுத்த சாமான் எல்லாம் இருபத்திரண்டு வருசமாக இருந்த இடத்தில் இருந்தது, கண்ணை மூடிக்கொண்டு கை நீட்டினால் ஜல்லிக்கரண்டி வரும். பெரியம்மா வந்த மூன்றாம் நாள் வாசலில் நின்று, "ஏன் புவனா, இது சமையக்கட்டா பாத்திரக்கடை கோடவுனா, இங்கிட்டு ஒரு தோசையத் திருப்ப எடமில்லையே" என்றாள். நான் சிரித்தேன், அங்கேதான் தப்புச் செய்தேன். மாசியில் குன்றாண்டார்கோவிலில் உன் சித்தி வீட்டு வளைகாப்புக்குப் போய்விட்டுச் சாயந்தரம் வந்து பார்த்தால் என் இட்லிப்பானை, குக்கர், வெண்கல உருளி, இரும்புச்சட்டி அத்தனையும் பரணில். கீழே மூன்று தட்டிலும் அவளுடைய நான்-ஸ்டிக் தவா நாலு, லேபிள் ஒட்டிய கண்ணாடி டப்பா, ஒரு கெட்டில், நடுநடுவே வெறும் இடம். அழகாக இருக்கிறதல்லவா என்று வேறு கேட்டாள்.

சரி, அவற்றை வைத்தே சமைத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பேன் இந்து. ஆனால் அவளுக்கு இட்லி என் பானையில்தான் வேகவேண்டும், புளிக்குழம்பு என் சட்டியில்தான் கொதிக்கவேண்டும். "கொஞ்சம் அத எறக்கிக் குடு புவனா, எனக்கு முழங்காலு" என்பாள். அவளுக்கு அவள் அப்பா கொடுத்த சாமான் ஒன்றும் கொஞ்சமில்லை, அரிமளத்துப் பூர்வீகப் பெரிய வீட்டில் அவர்கள் அறையில் முப்பது வருசமாகப் பேப்பர் சுற்றிப் பூட்டிக் கிடக்கிறது. புழங்கினால் கறுத்துப்போகுமாம். அவளுடையது கறுக்கக் கூடாது, என்னுடையது கறுக்கலாம். ஒரு நாளைக்கு மூன்று தடவை, நாலு தடவை, அந்த ஒரு கால் ஆடுகிற ஸ்டூலில் ஏறி இறங்கினேன். உன் அப்பாவிடம் சொன்னதற்கு, "விடு புவனா, ரெண்டு பாத்திரத்துக்குப் போயி" என்றார். அவர் ஏறவில்லையே.

சித்திரைக் கடைசிச் செவ்வாய்க்கிழமை அவளுக்குக் கொழுக்கட்டை ஆசை வந்தது. இட்லிப்பானையை இரண்டு கையாலும் பிடித்து இறக்கும்போது ஸ்டூல் கால் மடங்கி நான் ஒரு பக்கமும் பானை ஒரு பக்கமுமாக விழுந்தோம். வலி கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. பெரியம்மா ஓடி வந்தாள். வந்தவள் நேரே போய்ப் பானையை எடுத்தாள் இந்து. சுற்றிச் சுற்றிப் பார்த்து, அடியைத் தடவி, "நல்லவேள, நெளியல" என்றாள். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பி, "எந்திரி, என்ன சின்னப்புள்ள மாதிரி" என்றாள். நெளியல என்ற அந்த வார்த்தையை நான் ஆறு வாரம் மாவுக்கட்டுக்குள் வைத்துக் காப்பாற்றினேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அவள் சொன்னது வேறு. எதிர்வீட்டு ராசாத்தி ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்தபோது, நான் கேட்கும்படியாகவே, "டிகிரி படிச்சவதான், ஒரு ஸ்டூல்ல நிக்கத் தெரியல பாரு" என்றாள். ராசாத்தி என்னைப் பார்த்துக் கண்ணைச் சுருக்கினாள். நான் மருந்து கசந்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

நான் படித்தது கணக்கு என்பதை அவள் மறந்துவிட்டாள். ஆறு வாரமும் ஹாலில் உட்கார்ந்தபடி அந்தச் சமையலறையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தத் தட்டு எத்தனை அடி, எந்தப் பானைக்குள் எந்தப் பானை போகும், மூடிகளைப் படுக்கப் போடாமல் நிறுத்தி வைத்தால் எவ்வளவு மிச்சம் என்று மனசுக்குள்ளேயே அடுக்கிக் கலைத்து அடுக்கினேன். கட்டு பிரித்ததும் உன் பள்ளிக்கூட ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய் அளந்தேன், கால் இஞ்ச்கூடப் பிசகவில்லை. ஆனால் அடுக்குவதற்கு ஒரு நியாயம் வேண்டுமே, இல்லாவிட்டால் சின்னவள் பெரியவளை எதிர்க்கிறாள் என்று ஆகிவிடும். அது பாத்திரத்திலேயே இருந்தது. நம்மில் கல்யாணச் சாமானில் ஒரு கரண்டிகூடப் பெண்ணின் அப்பா பேர் வெட்டாமல் வீடு வந்து சேர்வதில்லை, பேர் வெட்டிய சாமானுக்கு மாமனார் மாமியார்கூட எதிர்த்துப் பேசமாட்டார்கள். பேர்ப்படி பிரித்தால் யார் என்ன சொல்ல முடியும்? அதுதான் நியாயம், அதுதான் என் ஆயுதமும்.

நாளும் பார்த்துத்தான் வைத்தேன், மறைக்கவில்லை. ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் அண்ணன் ஏகாம்பரம் காரைக்குடியிலிருந்து குடும்பத்தோடு எட்டுப் பேராகச் சாப்பிட வருவதாக இருந்தது. இட்லி, வெள்ளைப்பணியாரம், மத்தியானம் பெரிய சமையல் என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சனிக்கிழமை அவளும் பெரியப்பாவும் திருச்சிக்குப் போனார்கள். தச்சுவேலை ராக்கனை வரச்சொன்னேன். ராசாத்தி மகன் மலையாண்டி பரணிலிருந்து இறக்கித்தர, ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்து எழுத்தைப் பார்த்து வைத்தேன். கீழ் இரண்டு தட்டு முழுக்க என் அப்பா பேர் போட்டதாகவே நிறைந்தது. பயமே இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், இரண்டு தடவை பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். ராக்கன் தட்டுக்குக் கதவு போட்டுப் பூட்டு வைத்தார். அப்படியே ஸ்டூல் காலையும் சரிசெய்யச் சொன்னேன். "யாருக்கும்மா, நீங்கதான் இனி ஏறப்போறதில்லையே" என்றார். ஏறப்போகிறவர்களுக்கு என்றேன். அவள் விழுந்து கையை முறித்துக்கொண்டால் அவளுக்கும் சேர்த்து நான்தானே வடிக்கவேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் சமையலறை நடுவில் நின்றதை நீ பார்த்திருக்க வேண்டும். மேல்தட்டில் நாலு தவா, கெட்டில், கண்ணாடி டப்பா, எல்லாம் லேபிளோடு. எட்டுப் பேருக்கு இட்லி ஊற்ற ஒரு தவாவைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். என்னிடம் கேட்கவில்லை. உன் அப்பாவை அனுப்பினாள். அவர் வந்து, "சாவியக் குடு, என்ன வெளையாட்டு" என்றார். அக்கா கேட்கட்டும், ஒரு வார்த்தை, உடனே தருகிறேன் என்றேன். நிஜமாகவே தந்திருப்பேன். இடுப்பில்தான் இருந்தது, கையும் அங்கேயேதான் இருந்தது. அவள் கேட்கவில்லை, பெரியப்பாவை மெஸ்ஸுக்கு அனுப்பினாள். இலை போட்டு ஏகாம்பரம் அண்ணன் உட்கார்ந்ததும் முன்னால் வரிசையாக பிளாஸ்டிக் டப்பா வந்தது. அவர் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்ன சாலா, ஒனக்குக் கல்யாணத்துல அப்பச்சி பரப்பி வெச்ச சாமான ஊரே வந்து பாத்துட்டுப் போச்சு, எனக்கு டப்பாவுல சாம்பாரா" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார், ஆனால் அவர் மனைவி சிரித்துவிட்டாள். பெரியம்மா முகம் போன போக்கைச் சொல்லமாட்டேன். அந்தச் சாம்பாரில் உப்பே இல்லை, நான் இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன்.

உன் அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நீ இதைப் படித்துவிட்டு அம்மா இப்படிப்பட்டவளா என்று நினைப்பாயோ என்று கவலையாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் எதற்கும் கவலை வருமே, காபி பொங்கினாலே உனக்கு என்னவோ என்று தோன்றுகிறவள். ஆனால் வருத்தம் வருகிறதா என்று தேடித்தேடிப் பார்த்தேன், வரவில்லை.

புதன்கிழமை அவர்கள் அரிமளம் போனார்கள். முப்பது வருசத்துப் பூட்டு, எண்ணெய் விட்டும் திறக்காமல் உடைத்தார்களாம். லோடு ஆட்டோவில் மூன்று சாக்கு வந்து இறங்கியது. பேப்பரைப் பிரித்தால் ஒவ்வொன்றும் நேற்றுக் கடையில் வாங்கியதுபோல மின்னுகிறது, பார்க்க எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வைக்க இடம்? கீழே என் கதவு. மேல்தட்டு அவள் டப்பா. மிச்சம் பரண்தான். ஸ்டூல் என் அறையில், கட்டிலுக்குப் பக்கத்தில். நான் வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். பரணை அண்ணாந்து பார்த்தாள். பிறகு என் அறை நிலைப்படியில் வந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு, "புவனா, அந்த ஸ்டூலக் கொஞ்சம் குடேன்" என்றாள். இத்தனை வருசத்தில் ஏவாமல் என்னிடம் அவள் கேட்டு வாங்கியது அதுதான் முதல். எடுத்துக்கொடுத்தேன். ஏறும்போது பார்த்தேன், அவள் முழங்கால் நன்றாகத்தான் மடங்குகிறது.

முந்தாநாள் அவளுடைய பெரிய உருளியை இறக்கப் போனாள், அது என்னுடையதைவிட ஒரு சுற்றுப் பெரியது. பாதியில் இரண்டு கையும் தலைக்கு மேலே மாட்டிக்கொண்டது, ஏற்றவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. "புவனா, வந்து கொஞ்சம் பிடி" என்று கூப்பிட்டாள். நான் அடுப்பை அணைத்தேன். கையைக் கழுவினேன். துண்டில் துடைத்தேன், விரல் விரலாக. அதன் பிறகு போய் நின்று, "எதப் பிடிக்கக்கா, உருளியவா ஒங்களயா" என்று கேட்டேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. மேலேயிருந்து என்னைப் பார்த்தாள். "என்னயப் பிடிடி" என்றாள். பிடித்துக்கொண்டேன். உருளி அவள் கையைவிட்டு நழுவித் தரையில் விழுந்து விளிம்பு நன்றாக நெளிந்துவிட்டது. இரண்டு பேரும் அதை எடுக்கவில்லை. அவள் இறங்கிப் போய்ப் படுத்துக்கொண்டாள், நான் போய்க் குழம்பைத் திரும்பப் பற்றவைத்தேன். எல்லாம் தீர்ந்துபோயிற்று என்று நினைக்காதே, சாவி இன்னும் இடுப்பில்தான் இருக்கிறது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். தினம் தொடுகிறவை இடுப்புக்கு மேலே தோளுக்குக் கீழே இருக்கட்டும், கனமானவை தரையோடு. பானைக்குள் பானையை வை, மூடியைப் பிரித்துத் தட்டு ஸ்டாண்டில் நிறுத்து. ஒன்றை எடுக்க மூன்றை நகர்த்தவேண்டியிருந்தால் அது அடுக்கினதாகாது, புதைத்தது. வந்த முதல் வாரமே உன் இடம் இது என்று சிரிக்காமல் சொல்லிவிடு, நான் சிரித்ததால் வந்த வினை இது. உன்னோடு இருக்கிற பிள்ளைகள் கேட்டு எடுத்தால் சந்தோஷமாகக் கொடு, கேட்காமல் எடுத்தால் ஒரு பூட்டு வாங்கு. கூரியரில் சின்ன இரும்புச்சட்டி ஒன்றும் தாளிப்புக்கரண்டியும் அனுப்பியிருக்கிறேன், கீழ ராஜ வீதிப் பாத்திரக்கடையில் கொடுத்து உன் பேர் வெட்டி வாங்கினேன். எண்ணெய் தடவியிருக்கிறது, சோப்புப் போட்டுத் தேய்க்காதே.

நீ நோய்நொடி இல்லாமல், யாருக்கும் பயப்படாமல், உனக்கென்று ஒரு அடுப்பும் அதைச் சுற்றிக் கை வீசிப் புழங்க இடமுமாக நன்றாக இருக்கவேண்டும் என்று திருக்கோகர்ணத்து அம்மனைத் தினமும் கேட்டுக்கொள்கிறேன். கடிதம் கிடைத்ததும் போனில், சட்டி வந்தது என்று மட்டும் சொல், மற்றதைத் தீபாவளிக்கு வரும்போது பேசிக்கொள்ளலாம். ஸ்டூலில் ஏறுவதானால் ஆள் துணை வைத்துக்கொண்டு ஏறு. உன் வீட்டில் யாராவது விழுந்தால் முதலில் ஆளைத் தூக்கு இந்து, அவர்கள் உன் சட்டியைத் தீய்த்தவர்களாகவே இருந்தாலும்.

இப்படிக்கு
உன் அம்மா
புவனேஸ்வரி