தங்கையிடம் போய்ச் சேர்ந்த மரக் கத்தி

அனுப்புநர்:
நிஷிவாகி தொமிகோ,
கோயில் பின்தெரு, கசெதானி நகரம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
பண்பாட்டுச் சொத்துப் பிரிவு,
நகரக் கல்வி வாரியம், கசெதானி.

பொருள்: கண்காட்சி முடிந்து பொருள்களைத் திருப்பித் தந்தபோது மாறிப்போன என் மரக் கத்தியைத் தங்கையிடமிருந்து மீட்டுத் தரக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தை குவாஹாரா தெய்ஜி தம் கடைசிக் காலத்தில் எங்கள் வீட்டுப் பழைய குறுவாளை இரண்டாகப் பிரித்தார். எஃகு அலகும் அதை வைக்கும் வெறும் மரப் பிடியும் உறையும் தங்கை ஒகுசாவா மிசாவோவுக்கு. அலங்காரங்கள் எனக்கு: கருப்பு அரக்கு உறை, நண்டு செதுக்கிய இரும்புக் கைக்காப்புத் தட்டு, பட்டுக் கயிறு சுற்றிய பிடி, கயிற்றுக்கு அடியில் பொன் வெட்டுக்கிளி. அலகு இல்லாமல் இவை ஒன்றாக நிற்கா. வழக்கப்படி உள்ளே ஒரு மரக் கத்தியைச் செருக வேண்டும். அதைத் தந்தையே செதுக்கினார். அஞ்சலகத்தில் முத்திரை குத்திப் பழகிய கை. முனை கோணலாகத்தான் வந்தது.

2. எனக்குப் பொறாமை, ஐயா. மறைப்பானேன்? புத்தாண்டில் மிசாவோ அலகை உருவினால், மூச்சு படாதிருக்க விருந்தினர் வாயில் தாளைக் கவ்விக்கொண்டு பார்க்கிறார்கள். என் வீட்டில் உருவியவர்கள், "அட, கட்டையா!" என்று சிரிக்கிறார்கள். முதலில் சிரித்தவர் என் கணவர். அப்பாவுக்கு அவள்தான் செல்லம் என்று இத்தனை காலம் வயிறெரிந்திருக்கிறேன்.

3. இலையுதிர்காலக் கண்காட்சிக்காகத் தங்கள் ஊழியர்கள் எஃகு அலகை என் அலங்காரங்களில் பொருத்தினார்கள். மரக் கத்தியை அவளுடைய வெறும் மரப் பிடியில் பொருத்தி உறையில் செருகி வைத்தார்கள். அதுவும் வழக்கமே. ஆனால் முடிந்ததும் மறுபடி மாற்றாமல், இருந்தபடியே துணியில் கட்டி அவரவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

4. வீட்டில் உருவிப் பார்த்தேன். எஃகு! நானே தாளைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உப்புப் போட்ட முள்ளங்கி அப்படியே கிடந்தது. மிசாவோ அலறியடித்து ஓடி வருவாள் என்று ஆசையோடு காத்திருந்தேன். வரவில்லை. பொறுக்க முடியாமல் நானே தொலைபேசியில் அழைத்தேன். அந்தப் பேச்சைத் தங்கள் விசாரணைக்காக அப்படியே தருகிறேன்.

"ஏண்டி, உன் கத்தி எங்கிட்ட இருக்கு, தெரியுமா?"

"தெரியும்க்கா. நீயே வெச்சுக்கோ."

"என்ன, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அது எந்தக் காலத்துலயோ எவனோ ஒரு கொல்லன் அடிச்சது. இது அப்பா உனக்குன்னு செஞ்சது. பழக்க தோஷத்துல பிடியைக் கழட்டிப் பாத்தேன். செதுக்குறப்போ கையை வெட்டிக்கிட்டார் போல, ரத்தக் கறை அப்படியே இருக்கு. எனக்குன்னு அவர் ஒரு குச்சியாவது சீவினாராக்கா?"

5. பிடிக்குள் மறையும் பகுதியில் அந்தக் கறை இருப்பது எனக்குத் தெரியாது. கட்டைதானே என்று நான் கழற்றியே பார்த்ததில்லை. அவள் பார்த்துவிட்டாள். இப்போதும் கையில் வைத்துக்கொண்டுதான் இருப்பாள். நினைத்தாலே சோறு இறங்கவில்லை.

6. எஃகு அலகின் பதிவுச் சான்று மிசாவோவின் பெயரில் உள்ளது. அதை நான் வைத்திருப்பது முறையல்ல. ஆகவே ஊழியர் ஒருவரை அனுப்பி இரண்டையும் மாற்றித் தர வேண்டுகிறேன். அவள் தேநீர் கொடுத்து, கண்ணைக் கசக்கி, இன்னும் சில நாள் இருக்கட்டும் என்பாள். தயவுசெய்து இரங்க வேண்டாம். அதேபோல் வேறொன்று செதுக்கித் தருவதாகத் தாங்கள் சொன்னாலும் ஏற்க மாட்டேன்.

எஃகை இன்றே வந்து எடுத்துக்கொள்ளலாம், வாசலிலேயே தந்துவிடுகிறேன். அவள் பிடிவாதம் பிடித்தால் நண்டையும் வெட்டுக்கிளியையும்கூடக் கொடுத்துவிடுங்கள். அந்தக் கட்டை மட்டும் எனக்கு வேண்டும்.

தங்கள் ஊழியரை எதிர்பார்த்து வாசலிலேயே இருக்கும்,
நிஷிவாகி தொமிகோ
(கையொப்பமும் முத்திரையும்)

இடம்: கசெதானி
நாள்: ரெய்வா 6 (2024), நவம்பர் 19