லீக் மலரில் என் முகம்

அன்பு மகன் வினோஜுக்கு அப்பா எழுதுவது. பாண்டிருப்பில் நானும் அம்மாவும் சுகம், அவவின் முழங்கால் வலியைத் தவிர. கட்டாரில் நீயும் நோய்நொடியின்றி இருக்க அம்மன் துணை. ஃபோனில் சொன்னால் கத்திவிடுவேன், அதுதான் எழுதுகிறேன்.

நமது உதைபந்தாட்ட லீக்கின் வரலாற்று மலர் வந்துவிட்டது. லீக்கை உருவாக்கிய மர்ஹூம் சீனிமுகம்மது என்று, காலஞ்சென்றவனுக்கு ஒரு முழுப்பக்கம், மேலே என் படம்! எழுபத்தொன்பதில் காரைதீவு, மருதமுனை, சொறிக்கல்முனை என்று சைக்கிளில் அலைந்து ஐந்து கழகங்களைச் சேர்த்தவன் அவன். பள்ளிவாசலில் தொழுகைக்கு வாங்கு சொன்னால் ஆட்டத்தை நிறுத்துவதும், எங்கள் கோயில் தீமிதிப்புக்குப் போட்டி வைக்காததும் அவன் போட்ட சட்டம். பிரச்சினைக் காலத்தில் லீக் வருஷக்கணக்காக நின்றபோது கோல் கம்பங்களைத் தன் வீட்டு வளவில் வைத்துக் காத்தான். சுனாமி அவனையும் அவன் வீட்டு அல்பங்களையும் சேர்த்துக் கொண்டுபோனது. மிஞ்சியது அந்த முதல் வருஷம் நானும் அவனும் கோல் கம்பத்தடியில் நின்ற ஒரே படம். அதை நம்பிக் கொடுத்தேன். மலர்க்குழுச் செயலாளர் நிப்றாஸ் படிவத்தில் ஒட்ட இடம் போதாதென்று கத்தரிக்கோலால் வெட்டி, என்னை ஒட்டி, அவனைக் குப்பையில் போட்டுவிட்டார். தலைநிறைய மயிரோடு நின்ற என்னைக் குழுவில் ஒருத்தருக்கும் அடையாளம் தெரியவில்லையாம். போய் ஏசினேன். சேர், இடப்பக்கம் நிற்கிறவர்தான் சீனிமுகம்மது எண்டு படத்துக்குப் பின்னால எழுதித் தந்தது நீங்கதானே என்கிறார். ஓம், நான்தான். படத்தைக் கவிழ்த்து வைத்து எழுதியதில் இடம் வலம் மாறிவிட்டது. நாற்பது வருஷம் பிள்ளைகளுக்குப் படிப்பித்த வாத்தியார்! யாரை ஏச?

அவன் மனைவி சுல்பிகாவிடம் மலரைக் கொண்டுபோனேன். மூத்தவாப்பாவைக் கண்டிராத பேத்தி என் படத்தைக் கொஞ்சி, மூத்தவாப்பா, மூத்தவாப்பா என்றது. இது நானெண்டு பிள்ளைக்குச் சொல்லுங்கோ என்றேன். இதை இல்லையெண்டு சொல்லிப்போட்டு வேற எந்த முகத்தைக் காட்டுற சேர் என்று சுல்பிகா கேட்டா. தந்த தேத்தண்ணியை வைத்துவிட்டு எழும்பி வந்துவிட்டேன். வெட்கமாக இருக்கிறது மகன்.

போன சித்திரைக்கு வந்தபோது அந்தப் படத்தை உன் ஃபோனில் பிடித்தாய். பழைய ஃபோனை எறிந்துவிட்டாயோ தெரியாது. தேடு. இல்லாவிட்டால் எனக்கு மெதுவாகச் சொல்லு. வெயிலில் நிற்கும்போது தண்ணீர் குடி, நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் உன்னைக் கைவிடமாட்டா.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் உன் அப்பா,
க. நல்லரெத்தினம்

மறக்காதே: வலப்பக்கம் நிற்பவன்தான் சீனிமுகம்மது.