காலுக்கு ஆர் சொல்லுறது?

இன்று பேராதனைக் கருத்தரங்கில் திரையில் இரண்டு கோடுகள் தோன்றின. நீளம் ஒன்றுதான், முனையில் உள்ள அம்புக்குறிகளால் ஒன்று குட்டையாகத் தெரியும். அளந்து காட்டிய பிறகும் கண் ஒப்புக்கொள்ளாது. வருடாவருடம் உன் உளவியல் மாணவர்களுக்கு முதல் வகுப்பில் நீ வரைந்துகாட்டிய படம். பேச வந்தவரோ நாம் இருவரும் அறிந்த அந்தப் பேராசிரியர். இன்னும் கொஞ்சம் பருத்திருந்தார். கைதட்டலுக்காக நிறுத்தி நிறுத்திப் பேசக் கற்றிருந்தார்.

"மூளை எல்லாத்தையும் முன்கூட்டியே ஊகிக்குது. மேல தெரிஞ்சது கீழ வரைக்கும் இறங்கும். மனசுக்குள்ள தனித்தனி அறை இருக்குங்கிற கதை முடிஞ்சுபோச்சு" என்றார். நீ வாழ்நாளெல்லாம் எழுதியது, ஒன்றுக்குத் தெரிந்தது மற்றதற்கு எட்டாத அந்த அறைகளைப் பற்றித்தான். முன்வரிசை தலையாட்டியது. அந்தத் தலைகளுக்குள் அறைகள் இருந்தனவோ என்னவோ, ஆட்கள் இல்லை.

சீனி வியாதியில் உன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது, இதே ஆள் திராட்சைப் பையோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். இல்லாத பாதம் அரிக்கிறது என்று நீ சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. உதாரணம் கிடைத்த மகிழ்ச்சி!

"மூளை தன் ஊகத்தைச் சீக்கிரம் திருத்திக்கும். கவலைப்படாதீங்க."

"கால் இல்லையெண்டு எனக்குத் தெரியும், சேர். காலுக்கு ஆர் சொல்லுறது?" என்றாய். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அவர் போனபின் என்னிடம் சொன்னாய்: "மூளை ஊகிக்கேல்லையெண்டு நான் சொல்லேல்லையே. ஒவ்வொரு அறையும் தன்ரை பாட்டில ஊகிக்குது. பக்கத்து அறை கத்தினாலும் அதுக்குக் கேக்காது."

இரண்டு கொள்கையும் ஒரே வீட்டில் குடியிருக்கலாம் என்பதற்கு அதைவிட என்ன சொல்ல வேண்டும்? அவருக்கு அது புரிய ஆயுள் போதாது. உனக்கோ, சாகும்வரை அந்தப் பாதம் அரித்தது.

இன்று உன்னையே உதாரணமாக்கினார். "என் சிநேகிதி ஒருத்தி" என்றார். சிநேகிதியாம்! உன் கால் அவருடைய கொள்கைக்குச் சாட்சியாம். நான் எழுந்தேன்.

"சுவரே இல்லைன்னா, அவங்களுக்குத் தெரிஞ்சது அந்தப் பாதத்துக்கு ஏன் கடைசிவரைக்கும் போய்ச் சேரல?"

"நல்ல கேள்வி. தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுவோம்."

தேத்தண்ணி வந்தது. அதற்குள் அவருடைய கார் போய்விட்டது.

கண்டிக்குத் திரும்பும் பஸ்ஸில் அவருக்குப் பொருத்தமான வசவு ஒன்று வாயில் வந்தது. உன்னிடம் சொல்லப் பக்கத்து இருக்கைக்குத் திரும்பினேன். முன்பின் தெரியாத ஒரு பெண் மிரண்டு பார்த்தாள். நீ இல்லையென்பது எனக்கு நன்றாகத் தெரியும், அப்படியும் திரும்பினேன். சொல்ல ஆளில்லாத அந்த வசவை வீடுவரை சுமந்துகொண்டு வந்தேன்.