சோற்றுக்கு அளவில்லை, காய்க்கு ஒரு கரண்டி

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நானும் மகளும் நன்றாக இருக்கிறோம். நீங்களும் நன்றாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை நான் நம்பவில்லை.

உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அறைக்குப் புதிதாக வந்தவரின் குறட்டையைப் பற்றி அரைப் பக்கம். கிடங்கில் முதலாளியின் மகன் வந்து அதிகாரம் பண்ணுவதைப் பற்றி அரைப் பக்கம். இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு வரி: பூட்ஸ் கடித்த புண் இன்னும் ஆறவில்லை, ஆனால் வலியே இல்லை, கவலைப்படாதே. போன கடிதத்திலும் இதே புண்தான் இருந்தது. அதற்கு முந்தைய கடிதத்தில், ராத்திரியெல்லாம் தாகம், குடித்து மாளவில்லை, இங்கே வெயில் அப்படி என்று எழுதியிருந்தீர்கள். ராத்திரியில் எந்த வெயில் அடிக்கிறது என்று நானும் யோசித்துப் பார்த்தேன்.

போனில் கேட்டால் "ம்ம், பாத்துக்கலாம்" என்கிறீர்கள். அடுத்த நொடியே பாப்பாவைக் கூப்பிடு என்கிறீர்கள். காகிதத்தில் என் பேச்சை மறிக்க முடியாது. அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படியுங்கள்.

எனக்குச் சர்க்கரை வந்த கதையை உங்களுக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இப்போது மீதியைச் சொல்கிறேன், காரணத்தோடுதான். என் வேலை உங்களுக்குத் தெரியும். தைத்து வரும் சட்டையை மேசையில் விரித்து, காலரை இழுத்துப் பார்த்து, பட்டனை ஆட்டிப் பார்த்து, நூல் பிசிறை வெட்டிவிட்டு, தையல் விட்ட இடத்தில் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். கண்தான் இதற்கு முதல். அந்தக் கண்ணே மங்க ஆரம்பித்தது. நான் பார்த்து அனுப்பிய கட்டு ஒன்று அப்படியே திரும்பி வந்தது. பட்டன் இல்லாத சட்டையையெல்லாம் நல்லது என்று அனுப்பியிருக்கிறேன். சூப்பர்வைசர் அந்தச் சட்டைகளை என் முன்னால் போட்டு, "கண்ணை வீட்டுல வச்சுட்டு வந்தியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். லைட் சரியில்லை என்று நான் சொன்னேன். நீங்கள் வெயில் என்று எழுதினீர்களே, அதே மாதிரிதான்.

கம்பெனி நர்சம்மாதான் விரலில் குத்திப் பார்த்தார். மிஷினில் வந்த எண்ணைப் பார்த்துவிட்டு என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். மாத்திரை கொடுத்தார்கள்.

இதைச் சொன்னதும் நீங்கள் என்ன செய்தீர்கள், ஞாபகம் இருக்கிறதா? சோற்றை அடியோடு விட்டுவிடு, ராத்திரிக்கு வெறும் பழம் போதும் என்றீர்கள். நானும் புருஷன் சொல்லைத் தட்டாத பெண்டாட்டியாக, வாழ்க்கையில் முதல் தடவையாக, அதைக் கேட்டுத் தொலைத்தேன். மாத்திரையைப் போட்டுக்கொண்டு வயிற்றைக் காயப்போட்டதில், ஒரு நாள் காலையில் மேசையிலேயே கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, கத்தரி கீழே விழுந்தது. நர்சம்மா ஓடி வந்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். சர்க்கரை வியாதிக்காரிக்குச் சர்க்கரைத் தண்ணீர். யார் சொல்லிப் பட்டினி கிடந்தாய் என்று கேட்டார். உங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை.

அடுத்து உங்கள் பார்சல் வந்தது. சர்க்கரை சேர்க்காதது என்று கொட்டை எழுத்தில் போட்ட பிஸ்கட். எனக்காகக் கடை கடையாகத் தேடி வாங்கினீர்கள் என்று மகள் சொன்னாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. மருந்து சாப்பிடுகிற மாதிரி காலையும் மாலையும் டீயோடு தின்றேன். பரிசோதித்தால் எண் மேலேதான் போயிருந்தது. நர்சம்மா டப்பாவைத் திருப்பி, பின்னால் இருந்த பொடி எழுத்தைக் காட்டினார். "சர்க்கரைதான் போடல. மாவு போட்டிருக்கான் இல்ல? மாவும் உள்ள போனா சர்க்கரைதாம்மா" என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இனிப்பாக இருப்பது மட்டும் எதிரி இல்லை. சோறு, ரொட்டி, கிழங்கு, பிஸ்கட், பழச்சாறு எல்லாம் ஒரே கட்சி. ஆனால் அந்தக் கட்சியை வீட்டை விட்டே துரத்தச் சொல்லி அவர் சொல்லவில்லை. தட்டில் பாதிக்குக் காய் இருக்கட்டும், கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ இருக்கட்டும் என்றார். தீட்டாத அரிசி, தவிடு நீக்காத மாவு கிடைத்தால் நல்லது, அதிலும் அளவு உண்டு என்றார். பிஸ்கட் மீதியை மகள் தின்று தீர்த்துவிட்டாள். உங்கள் அன்பு வீணாகவில்லை.

வீட்டில் இதெல்லாம் சுலபம். நானே சமைக்கிறேன், நானே போட்டுக்கொள்கிறேன். கம்பெனி கேண்டீனில்தான் வந்தது வினை. சம்பளத்தில் பிடித்துக்கொண்டு மதியச் சாப்பாடு போடுகிறார்கள். சட்டையில் எண்ணெய்க் கறை பட்டுவிடும் என்று வெளிச்சாப்பாட்டுக்கு வாசலிலேயே தடை. உள்ளே என்ன சட்டம் தெரியுமா? சோறு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கலாம், மலையாகக் குவித்தாலும் யாரும் கேட்க மாட்டார்கள். காய் ஆளுக்கு ஒரு கரண்டி. பருப்பு ஒரு கரண்டி. சோறு மலிவு, வயிறும் சீக்கிரம் நிறையும், சாயங்காலம் வரை யாரும் பசி என்று முனகவும் மாட்டார்கள். இத்தனை வருஷம் அதை நான் தாராளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பாதிச் சோறு போதும், அதற்குப் பதில் இன்னொரு கரண்டி காய் கொடுங்கள் என்று பரிமாறுகிற அண்ணனிடம் மெதுவாகத்தான் கேட்டேன். அவர் கரண்டியை அண்டாவுக்குள் போட்டுவிட்டார். "சோறு வேணும்னா கேளு, கொட்டுறேன். காய் அளவு கம்பெனி போட்டது. என் வீட்டுக் காயா?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

அப்புறம் என் பக்கத்து மேசைக்காரி, ஊசி என்று நாங்கள் கூப்பிடுவோமே, அவள் ஒரு வழி சொன்னாள். மூட்டை தூக்குகிற பெண்களுக்குச் சோறு எவ்வளவு போட்டாலும் பத்தாது, கோஸைக் கண்டால் முகம் சுளிப்பார்கள். அவர்கள் காய் எனக்கு, என் சோறு அவர்களுக்கு. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் கண்ணில் பட்டது. தட்டு கை மாறக் கூடாது, சுத்தம் கெடும் என்று நிறுத்திவிட்டார். ஒரே துண்டில் இருபது பேர் கை துடைக்கிற இடத்தில் சுத்தம்.

நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். போகும்போது உங்கள் புத்திமதிதான் காதில் ஓடியது. வியாதியை வெளியே சொல்லாதே, வேலையை விட்டுத் தூக்கிவிடுவார்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தீர்கள். மேனேஜர் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். உங்க ஒருத்தருக்காகத் தனியா சமைக்க முடியுமா என்று கேட்டார். "தனியா சமைக்க வேணாம் சார், சமைச்சதையே மாத்திப் போடுங்க, அது போதும்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, உடம்பு முடியாதவர்கள் வீட்டில் ஓய்வெடுப்பதுதான் நல்லது, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பயம்தான். பயமே இல்லை என்று நான் பீற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் உட்கார்ந்திருக்கும்போதே பயம் போய்க் கோபம் வந்தது. கண் போன பிறகு இந்த வேலையை வைத்துக்கொண்டு நான் என்ன பார்க்கப் போகிறேன்?

மறுநாள் வரிசையில் என் முறை வந்தது. பாதிச் சோற்றுக்கு மேல் விழாமல் தட்டை இழுத்துக்கொண்டேன். காய் விழுந்தது. இன்னொரு கரண்டி என்று தட்டை நீட்டினேன். இல்லை என்றார். நான் நகரவில்லை. இடிச்ச புளி மாதிரி நின்றேன். பின்னால் சத்தம் கிளம்பியது, சாப்பாட்டு நேரம் போகிறது, ராணிக்குத் தனி மரியாதையா என்று. திரும்பி நின்று, "எனக்குச் சர்க்கரை வியாதி. இந்தச் சோறு என் கண்ணைத் தின்னுது. இன்னொரு கரண்டி காய் வாங்காம நான் போக மாட்டேன்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். நீங்கள் மூடி வைக்கச் சொன்னதை அத்தனை பேர் நடுவில் போட்டு உடைத்தேன்.

அயர்ன் பிரிவில் ஒரு பெரியவர் இருக்கிறார், அதிகம் பேச மாட்டார். அவர் தட்டை என் தட்டுக்குப் பக்கத்தில் நீட்டினார். "எனக்கும் அதேதாம்பா, பாதிச் சோறு" என்றார். எத்தனையோ வருஷமாக மாத்திரையைத் துணிப்பைக்குள் ஒளித்து வைத்து, கழிப்பறையில் போய் விழுங்கிக்கொண்டிருந்தாராம். அப்புறம் பட்டனுக்குத் துளை போடுகிற காஜா மிஷின்காரி. அவளுக்குப் பின்னால் கட்டிங்கிலிருந்து இரண்டு பேர். நான் தனி ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வரிசை முழுக்க முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் நின்றிருக்கிறார்கள். பரிமாறுகிற அண்ணன் எங்களைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார், இரண்டாவது கரண்டியைப் போட்டார். "வேலை போச்சுன்னா தினம் உங்க வீட்டுக்குத்தான் சாப்பிட வருவேன்" என்று முணுமுணுத்தார். வாங்கண்ணே, காய் நிறையப் போடுகிறேன் என்றேன்.

மேனேஜர் இறங்கி வந்தார். ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பலாம், அத்தனை பேரை அனுப்பினால் சட்டை யார் தைப்பது? சோறு குறைத்துக்கொள்பவர்களுக்கு இரண்டாவது கரண்டி காய் உண்டு என்று இப்போது வழக்கமாகிவிட்டது. பருப்பு இன்னும் ஒரு கரண்டிதான். அதையும் விடப்போவதில்லை. சூப்பர்வைசர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அது எனக்கு லாபம். என் கண் தெளிந்துவிட்டது, பட்டன் இல்லாத சட்டை என்னைத் தாண்டிப் போகாது. எண்ணும் இறங்கியிருக்கிறது. மகள் பிறந்த நாளன்று கேக் கூடத் தின்றேன். சின்னத் துண்டுதான், அன்று மதியம் சோற்றைக் குறைத்துக்கொண்டேன். அழுது வடிந்துகொண்டு தின்னவில்லை, சிரித்துக்கொண்டே தின்றேன்.

இனி உங்கள் விஷயம். கிடங்கில் தூக்கம் வராமலிருக்க அந்த இனிப்புக் கலர் பாட்டிலை வாங்கி வாங்கிக் குடிக்கிறீர்கள். முதலில் அதை நிறுத்துங்கள், தாகத்துக்குத் தண்ணீர் போதும். அறையில் முறை வைத்துச் சமைக்கிறீர்கள், ஒரு பானைச் சோறு, ஒரு சட்டி உருளைக்கிழங்கு. உருளைக்கிழங்கைக் காய் என்று ஏமாற்றாதீர்கள், அது சோற்றின் அண்ணன். உங்கள் முறை வரும்போது கீரையோ கோஸோ பீன்ஸோ வாங்கிப் போடுங்கள், ஒரு முட்டை அவியுங்கள். பழத்தைக் கடித்துத் தின்னுங்கள், பிழிந்து குடிக்காதீர்கள். என்னைப் பட்டினி போட்ட மாதிரி உங்களைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் இதெல்லாம் பிறகு. முதலில் கால். வலி இல்லாததுதான் பயப்பட வேண்டியது, சர்க்கரை காலை மரத்துப்போக வைத்துவிடும் என்று நர்சம்மா சொன்னார், சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. சர்க்கரை என்று தெரிந்தால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள், அதுதானே உங்கள் பயம்? பரிசோதிக்காமல் இருந்தால் வியாதிக்கு நாம் இங்கே இருப்பது தெரியாது என்று நினைக்கிறீர்களா?

நீங்கள் கோபப்படப்போகிற ஒன்றையும் செய்துவிட்டேன். ஒரு தடவை குறட்டைக்காரர் போனிலிருந்து மகளிடம் பேசினீர்கள் அல்லவா, அந்த எண்ணுக்கு இன்று கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். உங்கள் காலுறை புண் கசிந்து தினமும் ஈரமாக இருப்பதையும், யாரும் பார்க்காதபோது நீங்கள் அதைத் துவைப்பதையும் பார்த்திருப்பதாக அவர் சொன்னார். நாளைக்கு விடிந்ததும் உங்களை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போக ஒப்புக்கொண்டார். இந்தக் கடிதம் கைக்கு வரும்போது போய் வந்திருப்பீர்கள். போகாவிட்டால் இதைக் கையில் பிடித்துக்கொண்டே கிளம்புங்கள். என்னைத் திட்டிக்கொண்டே போங்கள், ராங்கி என்று ஊரறியச் சொல்லுங்கள், எனக்கு ஒரு குறையும் இல்லை.

வேலை போனால் போகட்டும். இங்கே எனக்குச் சம்பளம் வருகிறது, வயிறு வாடாது. பெட்டி நிறையக் கொண்டு வர வேண்டாம், வெறுங்கையோடு வந்தாலும் வாசலில் நானே நிற்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், இதுவரை உங்களிடம் பெரிதாக எதையும் கேட்டதில்லை. பேருந்திலிருந்து இறங்கி வீடு வரைக்கும் நடந்து வாருங்கள். யார் தோளையும் பிடிக்காமல், நடந்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேச்சைக் கேட்காதவள்