இருவருக்கும் ஒரே தீர்ப்பு

மார்ச் 4, செவ்வாய்

சிகிச்சை நீதிமன்றத்தில் மூன்றாவது வாரம். போதை வழக்கில் சிக்கியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சையில் சேர்க்கும் இடம். செவ்வாய்தோறும் நீதிபதி முன் நிற்க வேண்டும், கூப்பிட்ட நாளில் சிறுநீர்ச் சோதனைக்கு வர வேண்டும். ஒழுங்காக வந்தால் மன்றமே கைதட்டும், ஒரு சாக்லேட்டும் உண்டு. திட்டத்திலிருந்து நீக்கப்பட்டால் சிறை.

இங்கே கறுப்பர்களையும் வெள்ளையர்களையும் ஒரே மாதிரி நடத்துகிறார்களா என்று ஆராய்ந்து சொல்வது என் வேலை. நிதி தரும் மத்திய அரசு கேட்டிருக்கிறது. இல்லாவிட்டால் இவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. புள்ளியியல் படித்தவள், கறுப்புப் பெண் – என்னை எடுத்ததில் அவர்களுக்கு இரட்டை லாபம்.

மன்றம் கூடுவதற்கு முன் நீதிபதியும் குழுவினரும் டோனட் தின்றபடி ஒவ்வொருவரைப் பற்றியும் பேசி முடிவெடுப்பார்கள். மூலையில் உட்கார்ந்து கேட்டேன். டிராவிஸ் என்ற வெள்ளைக்காரப் பையன் சோதனைக்கு வரவில்லை. “பாவம், தடுமாறுறான்” என்றார் நீதிபதி ஹோல்ஸ்டெட். ஒரு கட்டுரை எழுதிவரச் சொன்னார். கறுப்பினப் பையன் லமாரும் வரவில்லை. “அவனுக்கு அக்கறையே இல்ல.” சனி, ஞாயிறு சிறை.

இருவரும் தவறவிட்டது ஒரே நாள், ஒரே சோதனை. டோனட் நன்றாக இருந்தது.

மார்ச் 6

இவர்களுடைய அகராதி பிடிபடத் தொடங்கிவிட்டது. வெள்ளையன் பேசாமல் நின்றால் கூச்சம். கறுப்பன் பேசாமல் நின்றால் திமிர். பேசினால்? அதுவும் திமிர்தான்.

மார்ச் 11

தாழ்வாரத்தில் லமார். சிறையில் இருந்த சனிக்கிழமை கிடங்கு வேலை போய்விட்டது. ஆனாலும் வாய் குறையவில்லை.

“எங்களை எடை போட வந்த அக்கா நீங்கதானே?”

“உங்களை இல்ல. அவங்களை.”

“அடேயப்பா! தராசு தாங்குமா?” பிறகு குரலைத் தாழ்த்தினான். “எனக்கு அக்கறை இல்லையாம்க்கா. மூஞ்சிய எப்படி வெச்சுக்கிட்டா அக்கறைன்னு சொல்லுங்க, கண்ணாடி முன்னாடி நின்னு பழகிட்டு வர்றேன்.”

இன்னொரு தவறு நடந்தால் நீக்கம், மூன்று ஆண்டு சிறை. மகளுக்கு நான்கு வயது. சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

மார்ச் 18

இன்று நடந்ததை நானே நம்பவில்லை.

குழுக் கூட்டத்தில் நீதிபதி பெயரைச் சொல்வார். ஒருங்கிணைப்பாளர் மார்லீன் அந்த வார நடப்பை வாசிப்பார். “டிராவிஸ்” என்றார் நீதிபதி. மார்லீன் வாசித்தார்: வேலை போனது, ஒரே வாரத்தில் வேறு வேலை தேடிக்கொண்டான், முதல் நாளே வேலை முடியத் தாமதம், சோதனைக்கு ஓடிவந்தபோது கதவு பூட்டியிருந்தது. “என்ன விடாமுயற்சி! இன்னிக்குப் பலமா கைதட்டணும்” என்றார் நீதிபதி. அடுத்து “லமார்”. உறவுக்காரர் கல்யாணத்தில் மாத்திரை போட்டான், மாட்டிக்கொள்ளாமலிருக்க அடுத்தவன் சிறுநீரைக் கொடுத்தான். “போதும். நீக்கிடுவோம்.” எல்லோரும் தலையாட்டினார்கள்.

வேலை போனது லமாருக்கு அல்லவா? தாள்கள் இடம் மாறியிருந்தன. ஓடிவந்தவன் லமார். மாத்திரை போட்டவன் டிராவிஸ்.

சொன்னேன். டோனட் மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

“நாங்க நிறம் பாக்குறவங்க இல்ல” என்றார் நீதிபதி.

“ஆமாம், யுவர் ஆனர். பேரைத்தான் பாத்தீங்க.”

இரண்டு வழக்கும் ஒத்திவைப்பு.

மார்ச் 19

மார்லீன் காபி வாங்கி வந்தார். “கண்ணு, இதைப் போய் அறிக்கையில எழுதுவியா? மனுசங்கன்னா தப்பு நடக்கும்.”

“எது தப்பு? தாள் மாறினதா?”

காபியைத் திருப்பி எடுத்துக்கொண்டு போகவில்லை. அந்த அளவுக்கு நல்லவர்.

மார்ச் 25

நீதிபதி குழுவைத் திருத்திவிட்டார். இனி பாரபட்சம் கிடையாதாம். இருவரும் தவறினார்கள், இருவருக்கும் நீக்கம். அடுத்த வாரம் இறுதி விசாரணை. என் பக்கம் திரும்பி, “திருப்திதானே?” என்றார்.

லமாரின் இலவச வழக்கறிஞர், கதவு பூட்டியிருந்ததைச் சொல்ல வாயெடுத்தார். நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

சமத்துவம். கேட்டேன், கிடைத்தது. ஐயோ, என்ன பண்ணிட்டேன்? பேசாம இருந்திருந்தா டிராவிஸ் செஞ்சதுக்கு லமார் உள்ள போயிருப்பான். பேசினேன் – பூட்டின கதவுக்காக இப்பவும் உள்ளதான் போறான். கூட ஒரு துணை. அவ்வளவுதான்.

ஏப்ரல் 1

டிராவிஸின் அப்பா வழக்கறிஞரை அமர்த்தியிருந்தார். நல்ல கோட்டு, அதைவிட நல்ல குரல். போதைக்கு அடிமையாவது ஒரு நோய், மறுபடி வழுக்குவது நோயின் இயல்பு, நோயாளியைச் சிகிச்சையிலிருந்து துரத்துவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். நான் இரண்டு முறை எழுதிக் கொடுத்து, யாரும் படிக்காத வரிகள். நீதிபதி இப்போதுதான் முதல்முறை கேட்பவர்போல உருகினார். நீக்கம் ரத்து.

இருவருக்கும் ஒரே நாளில், ஒரே வாக்கியத்தில் போட்ட உத்தரவு. பாதியை மட்டும் ரத்து செய்ய முடியாது, அதுவும் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது. லமாரும் தப்பினான். அந்த வழக்கறிஞர் அவன் பக்கம் திரும்பவே இல்லை.

வெளியே டிராவிஸ் நெளிந்தான். “சாரி மச்சி. எங்கப்பா கொஞ்சம்–”

“சாரியெல்லாம் எதுக்குடா? உங்கப்பாவை எனக்கும் அப்பாவா இருக்கச் சொல்லு. செவ்வாய்க்கிழமை மட்டும் போதும்.”

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்ததும் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆனது. அது சிரிப்புதானா தெரியவில்லை.

ஏப்ரல் 8

லமாருக்குக் கைதட்டினார்கள். சாக்லேட்டை மகளுக்கென்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

அடுத்த பெயர் யோலாண்டா. இரண்டு பிள்ளைகளின் தாய், கறுப்பினப் பெண். சின்னவனுக்குக் காய்ச்சல் என்று சோதனைக்கு வரவில்லை. நீக்கம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

கூடவே அவளும் தப்பிக்க, அன்று சோதனையைத் தவறவிட்ட வெள்ளையர் யாரும் இல்லை.