எல்லோருக்கும் ஐந்து ஒன்பது

என்னங்க,

விடிய விடிய ஹாம் ரேடியோப் போட்டியில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டு உட்கார்ந்துவிட்டு இப்போதுதான் படுத்தீர்கள், எழுப்பவில்லை. சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது. நாலு மணிக்கு வீட்டுக்காரர் வருவார். சமையலறை ஜன்னல் கொக்கியில் நீங்கள் கட்டிய ஏரியல் கம்பியை அவிழ்க்கச் சொல்வார், மல்லுக்கு நிற்காதீர்கள். மூன்று மாதமாக அந்த ஜன்னலைத் திறக்கவில்லை. மிக்ஸி போட்டால் உங்கள் ரேடியோ இரைகிறதென்று அதையும் பரணில் ஏற்றியாயிற்று.

நேற்று உங்கள் அறை வாசலில் நின்று, "எனக்கு இந்த வீட்ல மூச்சு முட்டுதுங்க" என்றேன். ஹெட்போனைக் கழற்றாமல், திரும்பியும் பார்க்காமல், "ஐந்து ஒன்பது, நன்றி" என்றீர்கள். உங்கள் ரேடியோ பாஷையில், நீ பேசுவது கணீரென்று கேட்கிறது என்று அர்த்தம். போட்டியில் யாருடைய குரல் அரைகுறையாகக் கேட்டாலும் அவனுக்கும் அதையேதான் சொல்வீர்கள், நேரம் மிச்சம் என்று. நீங்கள் சொல்லிக்கொடுத்ததுதான்.

ஆறு மணிக்கு வேலையிலிருந்து வந்துவிடுவேன். ரேடியோவை அணைத்து வையுங்கள். மறுபடி சொல்கிறேன்.

சாவி ஆணியில் இருக்கிறது.

இன்னொன்று. பாதிதான் கேட்டது என்றால் பாதி என்றே சொல்லுங்கள். எத்தனை தடவை வேண்டுமானாலும் திருப்பிச் சொல்வேன். எனக்கு மட்டும் ஐந்து ஒன்பது வேண்டாம்.